ஜெயமண்ணை பதவி விலகிய ஞாயிற்றுக்கிழமை

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெயரட்ணம் அண்ணையின் வீட்டுக்கு நாங்கள் யாரும் போன் எடுக்க மாட்டோம். எடுத்தாலும் பயனில்லை. ரொறன்ரோவில் காலை ஏழு என்றால் லண்டனில் மதியம் பன்னிரண்டு. அந்த நேரத்தில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பிரதமர் எழுந்து நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுவார். ஸ்காபரோவில், பதினோராம் மாடியில், ஜெயமண்ணை சாரத்தோடு எழுந்து நின்று அந்தப் பதில்களுக்குப் பதில் சொல்லுவார். "போ வீட்டை!" என்பதுதான் பெரும்பாலும் அவருடைய பதில். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவருக்குத் தமிழில் தெரிந்த இரண்டு சொற்களும் அவைதான்.

நான் றமேஸ். கரம்பையடி மக்கள் ஒன்றியம், கனடாவின் செயலாளர். தலைவர்கள் வருவார்கள், போவார்கள். பதினான்கு வருடமாகச் செயலாளர் நான்தான், ஏனென்றால் இந்தக் கூட்ட அறிக்கை எழுதுகிற வேலைக்கு வேறு ஒருவரும் போட்டியிடுவதில்லை. ஜெயமண்ணையைப் பற்றி எழுத எனக்கு நல்ல தகுதி உண்டு. அவர் என்னை ஒருமுறை பதவியிலிருந்து தூக்கினார், நாலு மணித்தியாலத்துக்கு. அதையும் சொல்கிறேன்.

அவருக்கு இந்த லண்டன் அரசியல் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று கேட்பவர்கள் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். காரணம் சிரிப்பானது இல்லை. எண்பத்தேழில் அவர் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். ஈஸ்ற்ஹாம் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை. விற்காமல் மிஞ்சிய பத்திரிகைகளை வாசித்து வாசித்தே ஆங்கிலம் பிடித்தார். அவருடைய அகதி மனு ஒன்பது வருடம் முடிவில்லாமல் கிடந்தது. மந்திரி மாறும்போதெல்லாம் வழக்கறிஞர், "புது ஆள் வந்திருக்கிறார், கொஞ்சம் பொறுங்கோ" என்பாராம். மற்றப் பொடியள் கிரிக்கெட் பார்த்த காலத்தில் இவர் மந்திரிமாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் நிற்பான், யார் விழுவான் என்பதில்தான் அவருடைய சீவியம் இருந்தது. தொண்ணூற்று மூன்றில் தகப்பன் ஊரில் செத்தபோது, கையில் ஒரு கடதாசியும் இல்லாதபடியால் அவரால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. "ஒரு முடிவு எடுக்கத் தெரியாதவன் எதுக்கடா தலைவனா வாறான்?" என்று அவர் இன்றைக்கும் கேட்கும்போது, அந்தக் கோபம் பொய்க் கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு கனடா வந்தார். மட்டக்களப்புப் பெண்ணான பரிமளம் அக்காவைக் கட்டினார். நிலக்சி என்று ஒரு மகள். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பின்னேர ஷிவ்ற். காலை நேரம் சும்மா இருப்பதால் லண்டன் அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் சுபாங்கி நடத்துகிற வானொலி நிகழ்ச்சியில் அவருக்குப் பத்து நிமிடம் உண்டு. பெயர் "லண்டன் நிலவரம்". நிலவரம் என்றா சொல்லுவது? அது தீர்ப்பு. எட்டு வருடத்தில் ஐந்து பிரதமர்கள் கதிரையை விட்டுப் போனார்கள். அந்த ஐந்து பேரையும் கட்சிக்காரரோ சனமோ அனுப்பமுதலே ஜெயமண்ணை ஸ்காபரோவிலிருந்து அனுப்பிவிட்டார். ஒருவர் நாற்பத்தொன்பது நாளில் போனபோது, ஒரு பத்திரிகை ஒரு லெற்றூஸ் கீரையை வைத்து, ஆர் முதலில் வாடுகிறார் என்று பார்த்ததல்லவா? அந்தக் கதையை மட்டும் மூன்று சனிக்கிழமை சொன்னார். பிளாசாவில் மரக்கறி வாங்கப் போன சனமெல்லாம் லெற்றூஸைப் பார்த்துச் சிரித்தது.

இதற்கு ஒரே ஒரு எதிர்க்கட்சி இருந்தது. மில்லிக்கனில் இருந்து சீமோன் அண்ணை. முனைத்துறைக்காரர், எழுபது வயது, அந்த ஊர்ச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாகத் தலைவர். ஜெயமண்ணை யாரைப் போட்டு மிதித்தாலும் சீமோன் அண்ணையின் போன் வரும். "தம்பி, அந்தக் கதிரையிலை இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்பார். "சீமோன் அண்ணை, கதிரை கஷ்டமெண்டா எழும்பச் சொல்லுங்கோ" என்பார் இவர். சுபாங்கி சிரித்துக்கொண்டே விளம்பரத்தைப் போட்டுவிடுவாள்.

இப்படிப்பட்ட மனிதரைச் சும்மா விடலாமா? அந்த வருடம் பங்குனி மாதம் எங்கள் ஒன்றியத்தின் பொதுக்கூட்டத்தில் யாரோ, "இவ்வளவு தெரிஞ்ச ஆள் எங்களுக்குத் தலைவரா வரட்டுமேன்" என்று எழும்பிச் சொன்னார்கள். ஆறு வருடம் தலைவராக இருந்த இரத்தினவேல் அண்ணையோடு போட்டி. நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. ஜெயமண்ணை வென்றார். ஏற்புரையை அரைமணித்தியாலம் பேசினார். நான் அறிக்கையில் நாலு வரி எழுதினேன்.

எங்கள் ஒன்றியத்தின் உயிர் கோடைகால ஒன்றுகூடல்தான். ஓகஸ்ட் நீண்ட வார இறுதியில் பூங்காவில் அறுநூறு பேர் கூடுவோம். கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், இறைச்சி வாட்டுதல் எல்லாம் உண்டு. ஆனால் சனம் வருவது கூழுக்கு. ஒடியல் மா, மீன், நண்டு, இறால், கணவாய், பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு மூன்று பெரிய கிடாரத்தில் காய்ச்சுவோம். வருடம் முழுக்க ஒருவரோடொருவர் கதைக்காத ஆட்களும் கூழ் வரிசையில் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் நிற்பார்கள்.

பூங்காவில் அந்த வார இறுதிக்குச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலியாக இருந்தன. ஜெயமண்ணை சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டே கூட்டத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தமக்கை வருடாவருடம் அனுப்புகிற, நகைக்கடை ஒன்றின் நாட்காட்டி. "இஞ்சை பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத ஆக்கள் எல்லாம் விரதம். அண்டைக்கு மச்சக் கூழ் காய்ச்சலாமோ? உதையெல்லாம் பாத்துத்தான் ஒரு தலைவர் நாள் வைக்க வேணும்" என்றார். கடைசி வசனத்தை இரத்தினவேல் அண்ணையைப் பார்த்துச் சொன்னார். சனிக்கிழமை என்று முடிவானது. பூங்கா அனுமதி எடுத்தோம், நோட்டீஸ் அடித்தோம், எல்லாப் பிளாசாவிலும் ஒட்டினோம். ஞாயிற்றுக்கிழமையை அடுத்த நாளே முனைத்துறைக்காரர் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் லண்டனில் தேர்தல் வந்தது. ஆளும் கட்சி படுதோல்வி. ஜெயமண்ணைக்கு அது தீபாவளி. இரண்டு சனிக்கிழமை வானொலியில் கொண்டாடினார். இரண்டாவது சனிக்கிழமை, அவசரப்பட்டுத் தேர்தல் திகதி வைத்துத் தோற்றவரைப் பற்றிப் பேசும்போது உச்சக் குரலில் ஒரு கேள்வி கேட்டார்.

"நாள் பாக்கத் தெரியாதவன் நாடு ஆளலாமோ?"

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, நான் பால் வாங்கத் தமிழ்க்கடைக்குப் போனேன். காசாளர் மேசைக்கு மேலே மஞ்சள் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது: "ஆடி அமாவாசை சனிக்கிழமை. காத்தோட்டிக்காய் வேண்டியவர்கள் இப்போதே சொல்லி வைக்கவும்."

ஆடி அமாவாசை விரதச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் இல்லாமல் எங்கள் வீடுகளில் இலை போடமாட்டார்கள். கடைக்காரர் வீணாக நாளை மாற்றி எழுதமாட்டார். கோயிலுக்குப் போன் எடுத்தேன். ஐயர் அமைதியாக விளக்கினார். ஊரில் ஞாயிறு பின்னேரம் வரை நிற்கிற அமாவாசை, கனடா நேரத்துக்கு ஞாயிறு காலை ஏழேகாலோடு முடிந்துவிடுகிறது. அதனால் இங்கே எல்லாக் கோயிலிலும் சனிக்கிழமைதான். "ஏன் தம்பி, உங்கடை ஒன்றுகூடல் அண்டைக்கோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்த மாதிரியும் இருந்தது.

இருபத்தெட்டு வருடம் கனடாவில் இருக்கிற மனிதருக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். விரத நாளை எப்போதும் பரிமளம் அக்காதான் கோயில் நோட்டீசைப் பார்த்துச் சொல்லுவார், அண்ணை போய்த் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்வார். ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. இந்த முறை தலைவரானதால் அக்காவைக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். பிளாசாவுக்குப் பின்னால், நிலத்துக்குக் கீழே இருக்கிற சின்ன மண்டபம். இரத்தினவேல் அண்ணை கையில் ஒரு சீப்பு வாழைக்காயோடு வந்தார். நல்ல பச்சை மொந்தன். அறிவித்தல் பலகைக்குப் பக்கத்திலிருந்த ஆணியில் அதைக் கொளுவினார்.

"உது என்ன அண்ணை?" என்றேன்.

"லெற்றூஸ் எங்களுக்குச் சரிவராது. முதல் உது பழுக்குதோ, உவன் போறானோ எண்டு பாப்பம்" என்றார்.

ஜெயமண்ணை அன்று செய்ததை நான் அறிக்கையில் முழுவதும் எழுதவில்லை, மரியாதைக்காக. இங்கே எழுதலாம். முதலில் அப்படி ஒன்றும் இல்லை என்றார். பிறகு கோயில்காரர் பிழை என்றார். பிறகு நகைக்கடை நாட்காட்டி பிழை என்றார். பிறகு இதை ஆராய மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைப்போம், அதற்குத் தானே தலைமை தாங்குகிறேன் என்றார். பதினைந்து வருடமாகப் புதன்கிழமைகளில் அவர் எதைப் பார்த்துக் கத்தினாரோ, அதையெல்லாம் ஒன்றும் மிச்சமில்லாமல் வரிசையாகச் செய்தார். கடைசியில் விரல் என் பக்கம் திரும்பியது.

"செயலாளர் எண்டு ஒருத்தர் இருக்கிறார். நோட்டீஸ் அடிக்க முதல் கோயிலிலை கேட்டவரோ? இல்லை. ஆனபடியால் செயலாளர் உடனடியாப் பதவி விலக வேணும்!"

நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி சந்தோஷத்தில் பாயாசம் வைத்தாள். நாலு மணித்தியாலம் கழித்துப் போன் வந்தது.

"றமேஸ், மண்டபத் திறப்பு உன்னட்டையோ?"

"ஓம்."

"பூங்கா அனுமதிக் கடிதம்?"

"அதுவும் என்னட்டைத்தான்."

"அப்ப நீயே செயலாளரா இரு" என்றார்.

அடுத்த நாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். நாட்காட்டி மேசையில் கிடந்தது. அவர் முழுப் பக்கக் கணக்கொன்று எழுதிக்கொண்டிருந்தார், ஊர் நேரம், கனடா நேரம், நாழிகை என்று. நிலக்சி வேலைக்குப் புறப்பட்டு நின்றவள் போனில் வானொலிப் பதிவைப் போட்டு அவர் முன்னால் பிடித்தாள். "அப்பா, ஜஸ்ற் லிசின். திஸ் இஸ் யூ." அவருடைய சொந்தக் குரல் கணீரென்று வந்தது: நாள் பாக்கத் தெரியாதவன் நாடு ஆளலாமோ?

பேனையை வைத்தார். பரிமளம் அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

"பரிமளம், நான் அப்பாவின்ரை விரத நாளிலை மீன்கூழ் காய்ச்சப் பாத்திருக்கிறன்" என்றார். "செத்தவீட்டுக்குத்தான் போகேலாமப் போச்சு. உதைத்தானே ஒழுங்காச் செய்துகொண்டு வந்தனான்." குரல் உடைந்துவிட்டது. அந்த மனிதர் அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பரிமளம் அக்கா அவருடைய முதுகைத் தடவினார். "அழுறத விட்டிட்டு எழும்புங்க. நாள் இன்னும் வரல்லதானே? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா இவ்வளவும் வந்திருக்காது. இப்ப சொல்லுறன், கேளுங்க. ஞாயிற்றுக்கிழமை ஆரிட்ட இருக்கு?"

"சீமோன் அண்ணையட்டை" என்றேன் நான்.

"அவங்க வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போறவங்க. அவங்களுக்கு அமாவாசையால என்ன? போய்க் கேளுங்க."

ஜெயமண்ணை என்னைப் பார்த்தார். உலகத்தில் வேறு யாரிடமும் போகச் சொல்லியிருந்தால் போயிருப்பார். பத்து வருடம் வானொலியில் வைத்து மட்டந்தட்டிய மனிதரிடம், என் நாளை மாற்றித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். அதுவும், கொள்கையை மாற்றுகிற தலைவர்களை "முதுகெலும்பில்லாத சாமான்கள்" என்று சொன்ன வாயால் கேட்க வேண்டும். "றமேஸ், நீ போய்..." என்று தொடங்கினார். அக்கா ஒரு பார்வை பார்த்தார். அண்ணை சாரத்தை மாற்றக் காற்சட்டையை எடுத்தார்.

சீமோன் அண்ணை வீட்டு முற்றத்தில் மாதா சிலைக்குப் பக்கத்தில் கறிமிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் காரைக் கண்டதும் குழாயை நிறுத்தினார். ஜெயமண்ணை இறங்கினார். சுற்றி வளைக்கவில்லை.

"சீமோன் அண்ணை, நான் பிழை விட்டிட்டன். நாளைப் பிழையா வைச்சுப் போட்டன். உங்கடை ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குத் தந்து, எங்கடை சனிக்கிழமையை நீங்கள் எடுப்பியளோ?"

சீமோன் அண்ணை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "தம்பி, ஞாயிறெண்டா எங்கடை சனம் பூசை முடிச்சு வரப் பன்ரெண்டு மணி. பசியிலை ஒண்டை ஒண்டு கடிக்கும். சனிக்கிழமை கிடைக்கேல்லையெண்டு பங்குனியிலை இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்குதுகள். சந்தோசமா மாத்துவம்."

ஜெயமண்ணை மதில் கட்டின் மேலே அமர்ந்துவிட்டார்.

"உமக்கு ஒரு கதை சொல்லட்டே?" என்றார் சீமோன் அண்ணை, தானும் பக்கத்தில் இருந்து. "தலைவரா வந்த முதல் வருசம் கலைவிழா வைச்சன். நானூறு ஆட்டிறைச்சி றோல்ஸ் ஓடர் பண்ணினன். அண்டைக்குத் தவக்கால வெள்ளிக்கிழமை, எங்கடை சனம் இறைச்சி தொடாது. பாதர் முன்வரிசையிலை இருக்கிறார். தட்டு அவருக்கு முன்னாலை போகுது. ஒருத்தரும் எடுக்கினமில்லை. நான் என்ன செய்தன் தெரியுமே? மரக்கறி றோல்ஸ் எண்டு மைக்கிலை அறிவிச்சன்."

"அண்ணை!" என்றார் ஜெயமண்ணை.

"பாதர் ஒண்டை எடுத்துக் கடிச்சார். அதுக்குப் பிறகு நான் ஒரு தலைவரையும் ஏசுறேல்லை."

மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. போகும்போது சீமோன் அண்ணை ஒரு நிபந்தனை வைத்தார். வருகிற சனிக்கிழமை வானொலியில் லண்டன் நிலவரம் வேண்டாம். பத்து நிமிடமும் அவர் கேள்வி கேட்பார், ஜெயமண்ணை நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். "புதன்கிழமையிலை அந்தாக்கள் நிக்கிறமாதிரி" என்றார்.

அந்த நிகழ்ச்சியை ஸ்காபரோவில் கேட்காத தமிழர் குறைவு. நான் கலையகத்திலேயே இருந்தேன். ஜெயமண்ணை இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு வந்தார், வானொலிக்கு. சுபாங்கி அவருக்கு மைக்கை உயர்த்திக் கொடுத்தாள். அவர் நின்றார்.

"தலைவர் அவர்களே, நாள் வைக்கமுதல் கலண்டர் பாத்தீரோ?"

"பாத்தனான்."

"எந்த ஊர்க் கலண்டர்?"

"யாழ்ப்பாணத்துக் கலண்டர்."

"ஒன்றுகூடல் எந்த ஊரிலை?"

"ரொறன்ரோவிலை" என்றார் ஜெயமண்ணை. சுபாங்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டிலை மனிசியைக் கேட்டீரோ?"

"கேக்கேல்லை. அதுதான் பெரிய பிழை. கோயிலும் பிழையில்லை, கலண்டரும் பிழையில்லை, செயலாளரும் பிழையில்லை. பிழை விட்டது நான். ஒன்றுகூடல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருக்கு. மாத்தினதும் நான்தான். முதுகெலும்போடைதான் மாத்தினனான்."

"கடைசிக் கேள்வி, தம்பி." சீமோன் அண்ணையின் குரல் தணிந்தது. "இவ்வளவு காலமும் நீர் ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டு வந்தனீர். பிழை விட்ட தலைவர் போக வேணுமெண்டு. உமக்கும் அது பொருந்துமோ?"

சுபாங்கியின் விரல் விளம்பரப் பொத்தானுக்குப் போனது. ஜெயமண்ணை கையைக் காட்டித் தடுத்தார். ஒரு வருடமாகத் தவம் கிடந்து பெற்ற பதவியில்லைதான். ஆனாலும் அந்தக் கதிரையில் அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். 'தலைவர்' என்று அடித்த அட்டை அவர் பேர்ஸில் மகளின் படத்துக்கு முன்னால் இருந்தது.

"பொருந்தும்" என்றார். "மற்றவனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம் எண்டு இருக்கேலாது. ஆனா இப்ப விலகினா அறுநூறு பேரின்ரை கிடாரத்தை ஆர் கழுவுறது? ஞாயிறு பின்னேரம், கிடாரம் கழுவின கையோடை கடிதம் தாறன்."

அதற்கு அடுத்த சனிக்கிழமை, ஆடி அமாவாசையன்று, முனைத்துறைக்காரர் பூங்காவில் ஆடிப் பாடினார்கள். ஜெயமண்ணை கோயிலில் தர்ப்பணம் செய்துவிட்டு வந்து காத்தோட்டிக்காயோடு விரதச் சாப்பாடு சாப்பிட்டார். தகப்பனுக்கு முதலில் படைத்தார். அன்றைக்குச் சாப்பாடு தொண்டையால் லேசாக இறங்கியது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் என்றால் அப்படியொரு வெயில். நாள் மாற்றின கதை வானொலியில் போனபடியால் அறுநூறு பேர் வருகிற இடத்தில் எண்ணூறு பேர் வந்தார்கள். முனைத்துறைக்காரரும் என்ன நடக்கிறது என்று விடுப்புப் பார்க்க வந்து கூழ் வரிசையில் நின்றார்கள். கயிறிழுத்தலில் பரிமளம் அக்காவின் அணி தலைவரின் அணியை மண்ணில் இழுத்து விழுத்தியது. சீமோன் அண்ணை மூன்று கப் கூழ் குடித்து, "நண்டு காணாது" என்று குறையும் சொன்னார். எனக்கு அப்படிச் சந்தோஷமான ஒன்றுகூடல் நினைவில் இல்லை.

பின்னேரம் ஆறு மணிக்கு ஜெயமண்ணை காற்சட்டையை மடித்துவிட்டு, கடைசிக் கிடாரத்துக்குள் அரைவாசி இறங்கித் தேய்த்து முடித்தார். கையைத் துடைத்தார். சேட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தார். ஒரு மூலை கூழில் நனைந்திருந்தது. நான் மைக்கைப் பிடித்து வாசித்தேன். இரண்டே வரி. ஏற்புரைக்கு அரைமணித்தியாலம் எடுத்த மனிதர்.

"யாப்பின்படி" என்றேன், "கடிதத்தைச் சபை ஏற்றுக்கொண்டால் உடனேயே புதுத் தலைவரைத் தெரிவுசெய்ய வேண்டும். யாருக்கு விருப்பம்?"

எண்ணூறு பேர் ஒரேயடியாக மரத்தைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். எல்லோருடைய கண்ணும் கடைசியில் இரத்தினவேல் அண்ணையிடம் போய் நின்றது. அவர் மடக்குக் கதிரையிலிருந்து மெதுவாக எழும்பி வந்தார். கையில் அந்த மொந்தன் சீப்பு. பச்சை போய், மஞ்சளாகி, கறுப்புப் புள்ளி விழுந்து நன்றாகப் பழுத்திருந்தது. ஒரு பழத்தைப் பிய்த்துத் தோலை உரித்தார்.

"ஆறு வருசம் நான் உந்தக் கிடாரத்தைக் கழுவ ஆள் பிடிச்சனான்" என்றார். "ஒருநாளும் நானாக் கழுவேல்லை. இந்தா, சாப்பிடு. பழுத்திட்டுது. நீ இன்னும் நிக்கிறாய்."

ஜெயமண்ணை அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் பழத்தைக் கடித்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. நான் அறிக்கையில் எழுதினேன்: "கடிதம் ஏற்கப்படவில்லை. மிகுதிப் பழங்களைச் செயலாளர் சாப்பிட்டார்."

பிரித்தானியப் பாராளுமன்றம் விடுமுறை முடிந்து செப்ரெம்பரில் திரும்பக் கூடியது. முதல் புதன்கிழமை நான் வேண்டுமென்றே அவர் வீட்டுக்குப் போனேன். ஏழு மணி. திரையில் சபை கூச்சல் போட்டது. நடுவில் ஒருவர் எழுந்து நின்று காகிதங்களைப் புரட்டினார். ஜெயமண்ணை வழக்கம்போல் சாரத்தை இறுக்கிக்கொண்டு எழும்பினார். பரிமளம் அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சீனப் பெரியவரும் காத்திருந்திருப்பார்.

அண்ணை கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு மெல்லக் கதிரையில் இருந்தார்.

"பாவம்" என்றார். "அந்தாளுக்கும் ஆரோ பிழையான கலண்டரைக் குடுத்திட்டாங்கள்."